முன்னணி

ஜெனீவாவில் கிளம்பி
டில்லியில் இரண்டு மாதம் தூங்கி
சென்னையில் தமிழாகி
பேட்டைக்கு வந்து சேர்ந்த படிவத்தில்
ஏழாவது கேள்வி:
'குழந்தையின் இரத்தத்தில் முன்னணி அளவு என்ன?'

சிரித்துவிட்டேன்.
லெட் என்பதை லீட் என்று வாசித்த ஏதோ ஓர் இயந்திரம்
நஞ்சைத் தூக்கி முதல் பெஞ்சில் உட்கார்த்தியிருக்கிறது.

நூற்றிருபது படிவம்.
நூற்றிருபது முறை முன்னணியை அடித்து
நீலப் பேனாவால் ஈயம் என்று எழுதினேன்.
அது அடுத்த தப்பு.

'ஈயமா? நல்லதுல்லா' என்றாள் கோமு.
'எங்கம்மை சீருக்குக் குடுத்த சொம்பு இருக்கு.
ரசம் வச்சா தெருவே மணக்கும், பாருங்க.'
உள்ளே போய் எடுத்துவந்தும் காட்டினாள்.

அது வெள்ளீயம், கோமு.
நான் கேட்பது காரீயம்.

'காரியமா? யார் வீட்ல?'
பக்கத்து வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த குரல்
எட்டிப் பார்த்தது.

செத்த இன்வெர்ட்டர் பேட்டரியின் வயிற்றுக்குள் இருப்பது.
கருப்பு. கனம். சத்தம் போடாது.
பின்கட்டுத் தகரக் கொட்டகையில்
கோமுவின் வீட்டுக்காரன் இசக்கிப்பாண்டி
சம்மட்டியால் உடைத்து
அமிலத்தை ஓடையில் கவிழ்த்து
தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்குகிறான்.
ராத்திரி பத்துக்கு மேல்தான்.
விடிகாலையில் அதே சட்டையோடு வந்து
தூங்கும் மகளைத் தூக்கி
நெஞ்சில் போட்டுக்கொள்கிறான்.

முப்பிடாதிக்கு ஏழு வயது.
மோதிர விரலில் குத்தினேன். அழவில்லை.
மெல்லிய குழலில் ரத்தம் ஏறுவதை
யாருடையதோ போல வேடிக்கை பார்த்தாள்.
மூன்றாம் வாய்ப்பாடு மண்டையில் நிற்கவில்லை என்று
டீச்சர் எழுதி அனுப்பிய நோட்டு
கோமுவின் மடியில் விரித்தபடி இருந்தது.
'மக்கு இல்ல, கேட்டீங்களா.
மூணு வயசுல அம்புட்டுப் பேச்சு பேசுவா.
பொறவுதான்...'

முடிவு ஐப்பசியில் வந்தது.
ஆற்றில் புதுவெள்ளம் செம்மண்ணாய் ஓடிய வாரம்.
உலகம் முழுக்க ஈய நஞ்சுத் தடுப்பு வாரமும் அதுதானாம்,
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில் பேனர்.
பேனர் கட்டிய கம்பிக்குப் பளபளவென்று மஞ்சள் பெயின்ட்.
நகத்தால் சுரண்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது.

ஐந்தைத் தொட்டாலே வீட்டைத் தேடிப் போ என்கிறது கையேடு.
முப்பிடாதிக்கு நாற்பத்தொன்று.
நூற்றிருபது பிள்ளைகளில் அவள்தான் முதல்.
அடித்துத் திருத்திய அந்தச் சொல்லை
அப்படியே விட்டிருக்கலாமோ என்று
ஒரு கணம் பட்டது.

கணினித் திரையில் கூட்டம். பதினோரு நாட்டு முகங்கள்.
எனக்கு ஒரு நிமிடம் கொடுத்தார்கள்.
களத்திலிருந்து என்ன பரிந்துரை என்று கேட்டார்
குளிர்கோட்டு போட்ட ஓர் அம்மாள்.
'அவனுக்கு வேறு வேலை' என்றேன்.
மாற்று வாழ்வாதாரம் என்று குறித்துக்கொண்டார்கள்.
கெட்டவர்கள் இல்லை.
ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இசக்கிப்பாண்டியிடம் சொன்னபோது
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.
'இந்தச் சட்டிய எறக்குனா
அந்தச் சட்டி எப்பிடி ஏறும் மேடம்?'
மறுநாள் முதல் குழாயடியில் குளித்து
சட்டை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனான்.
இரும்புச்சத்து மாத்திரையை எண்ணி எண்ணிக் கொடுத்தாள் கோமு.
தை பிறந்ததும் கொட்டகை கிளம்பியது.
மாசியில் மறுபடி குத்தினேன்: முப்பத்து மூன்று.

வெற்றிக் கதை ஒன்று அனுப்பச் சொல்லி
மின்னஞ்சல் வந்திருக்கிறது, படம் சேர்த்து.

கொட்டகை போன இடம் மானூர் ரோடு.
அங்கேயும் வாசலில் பிள்ளைகள்
மண்ணில் கோடு கிழித்துப் பாண்டி ஆடுகின்றன.
எத்தனை பேர் என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
திருப்பிப் போட்டு
பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.